சொல் வேண்டும்: ஏழாவது மாடியில் ஏது பீடம்?

மட்டக்கோல் (சேலம்) எழுதியது:

குழுவினருக்கு வணக்கம். திங்கட்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும். பாலிடெக்னிக் மாணவர்களுக்கு மதிப்பீடு, விலைக்கணிப்புப் பாடத்துக்குத் தமிழில் கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். பல மாடி வணிகக் கட்டடத்துக்குத் தோராய மதிப்பீடு போடும் பாடத்தில் பிளிந்த் ஏரியா வந்து வழிமறிக்கிறது. (பிளிந்த் என்பது நிலமட்டத்திலிருந்து தரைத்தளத்தின் தரை வரை எழுப்பும் மேடை.)

'பீடப் பரப்பு' என்றுதான் நான் படித்தேன், அப்படியே சொல்லியும் கொடுத்தேன். போன மாதத் தேர்வில் ஒரு கணக்கு: தரைத்தளமும் ஏழு மாடியும், வெளி அளவு 30 மீட்டருக்கு 20 மீட்டர், எல்லாத் தளமும் ஒரே அளவு, சதுர மீட்டருக்கு 25,000 ரூபாய். பாதி வகுப்பு 600-ஐ 25,000-ஆல் பெருக்கி, ஒன்றரைக் கோடி என்று எழுதி இரட்டைக் கோடும் போட்டுவிட்டது. வரவேண்டியது 4,800 சதுர மீட்டர், 12 கோடி. ஏனப்பா என்று கேட்டால் ஒரு பையன் சொல்கிறான்: "பீடம் ஒண்ணுதானே மிஸ்? ஏழாவது மாடியில ஏது பீடம்?"

அவன் கேட்டதில் தப்பில்லை. இந்தியத் தர நிறுவனத்தின் ஐ.எஸ். 3861 தரத்தின்படி எந்த மாடியின் தரை மட்டத்தில் அளந்தாலும், நிலத்தடித் தளத்தில் அளந்தாலும், சுவர் கனம் உட்பட மூடியிருக்கும் பரப்புக்கு அந்தப் பெயர்தான். இங்கிலீஷ்காரன் பெயர் வைத்ததிலேயே கோளாறு. அதை நாம் ஏன் சுமக்க வேண்டும்?

ஓலைநறுக்கு (தஞ்சாவூர்) எழுதியது:

அம்மா, பீடம் வடசொல். நம்மிடம் 'குறடு' இருக்கிறது; திண்ணைக்குறடு இன்றும் ஊர்ப்புறத்தில் வழங்கும் சொல். 'குறட்டுப் பரப்பு' எனலாம். கட்டடக் கலைக்குச் சொல் இரவல் வாங்கும் நிலையில் தமிழ் என்றும் இருந்ததில்லை. 'நூலறி புலவர் நுண்ணிதிற் கயிறிட்டு' மனை வகுத்ததை நெடுநல்வாடை சொல்கிறதே. இன்று சுண்ணாம்புப் பொடி தூவி மார்க்கிங் போடுகிறோமே, அதே வேலைதான்.

கோயில் கட்டடத்தில் இந்த உறுப்பு அதிட்டானம். அதற்குள் உபானம், ஜகதி, குமுதம், கண்டம், பட்டிகை என்று ஒவ்வொரு வரிக்கும் தனிப் பெயர் உண்டு. இவை வடமொழிப் பெயர்கள் என்பது தெரியும். அவற்றுக்குத் தமிழ் மூலம் பற்றித் தனியே எழுதுகிறேன்.

மட்டக்கோல் எழுதியது:

தனியே எழுதுங்கள் ஐயா, திங்களுக்கு அப்புறம். குறடு என்றால் என் மாணவனுக்கு ஆணி பிடுங்குகிற கருவி. அதோடு, குறட்டுக்கும் ஏழாவது மாடியில் இடமில்லை. பீடத்துக்கு இருக்கிற அதே சிக்கல்தான்.

கடைக்கால் (கோவை) எழுதியது:

நான் காண்டிராக்டர். இலக்கணம் தெரியாது, சைட்டில் என்ன பேசுகிறார்கள் என்று சொல்கிறேன். பிளிந்துக்குக் கொத்தனார் சொல்வது 'பேஸ்மட்டம்'. பேஸ்மென்ட்டில் பாதியைப் பிய்த்து நம்ம ஊர் மட்டத்தை ஒட்டவைத்திருக்கிறான். வீட்டு வேலையில் இந்தச் சொல்லால் ஒரு தொந்தரவும் இல்லை. வணிக வளாகத்தில்தான் அடி விழும்.

எனக்கே விழுந்தது. கீழே ஒரு தளம் கார் நிறுத்தம், மேலே ஐந்து மாடி. ஒப்பந்தத்தில் "பேஸ்மட்டம் முடிந்ததும் 20 சதவீதம்" என்று எழுதிக்கொண்டோம். ராஃப்ட் (அடித்தளக் கான்கிரீட்) போட்டு, சுற்றுச்சுவர் எழுப்பி, கார் நிறுத்தத் தளத்தை முடித்துவிட்டுப் பணம் கேட்டேன். உரிமையாளர் ரோட்டு மட்டத்தைக் காட்டி, "பேஸ்மட்டம் அங்கே இருக்கு, நீங்க இன்னும் பள்ளத்துல நிக்கிறீங்க" என்றார். இரண்டு மாதம் கம்பிக்காரருக்குப் பதில் சொல்லி மாளவில்லை. சொல் எதுவானாலும் சரி, எங்கிருந்து எதுவரை என்று ஒரு வரி சேர்த்து எழுதச் சொல்லுங்கள் அம்மா.

எங்கள் பக்கம் ஒரு 'சதுரம்' என்றால் 100 சதுர அடி. கட்டுகிறவரும் கட்டச் சொல்கிறவரும் அதில்தான் பேசுகிறார்கள். அது நல்ல தமிழா இல்லையா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

சாந்துக்கரண்டி (பொதுப்பணித் துறை, ஓய்வு) எழுதியது:

சதுரம் வடசொல் என்று தஞ்சையார் கிளம்புவதற்கு முன்னால் நான் முந்திக்கொள்கிறேன். 'தளப்பரப்பு' என்று வைத்தால் என்ன? தளப்பரப்புக் குறியீடு (எஃப்.எஸ்.ஐ.) என்று நாளிதழ்களே எழுதுகின்றன.

மட்டக்கோல் எழுதியது:

> தளப்பரப்பு என்று வைத்தால் என்ன?

வைக்கலாம் ஐயா, ஆனால் தரத்தில் ஃப்ளோர் ஏரியா தனி. பிளிந்த் ஏரியாவில் சுவர் நிற்கிற இடத்தைக் கழித்தால் வருவது அது. என் கணக்கிலேயே வெளிச்சுவர் 230 மில்லிமீட்டர் என்றால், தளத்துக்கு ஏறத்தாழ 23 சதுர மீட்டர் சுவருக்கே போகிறது. எட்டுத் தளத்துக்கு 182. வாடகைக்கு விடுகிறவருக்கு அது இரண்டு கடை. ஒரே சொல்லை இரண்டுக்கும் வைத்தால் அந்த இரண்டு கடையும் காணாமல் போய்விடும்.

வேடிக்கை என்னவென்றால், குறியீட்டுக்கு எல்லா மாடியின் பிளிந்த் ஏரியாவைக் கூட்டித்தான் மனைப் பரப்பால் வகுக்கிறோம். தமிழ்நாட்டின் 2019 கட்டட விதிகளில் 18.30 மீட்டர் உயரம் வரை அந்தக் குறியீட்டின் உச்ச அளவு 2, அதைத் தாண்டினால் 3.25. ஆக, 'தளப்பரப்பு' என்ற சொல் ஓரிடத்தில் சுவரோடு, இன்னோரிடத்தில் சுவர் இல்லாமல்.

ஓலைநறுக்கு எழுதியது:

அப்படியென்றால் 'சுவரடங்கு பரப்பு', 'சுவர்நீங்கு பரப்பு'. பொருளும் விளங்கும், ஓசையும் நன்று. பர என்னும் வேரிலிருந்து பரவை, பரம்பு, பரப்பு. உழுத சேற்றில் பரம்படித்துச் சமன் செய்த நிலமே பரப்பு. அதாவது இச்சொல்லிலேயே மட்டம் பார்க்கும் கருத்து உறைகிறது. பரவையும் அப்படியே, கடல்நீர் மட்டத்தைத்தானே இன்றும் உயரத்துக்கு அடிப்படையாகக் கொள்கிறோம்...

(இதற்குக் கீழே இருந்த நாற்பது வரிகளை மட்டுநர் வெட்டியிருக்கிறார்.)

தென்மராட்சியான் எழுதியது:

பரப்பு என்ற சொல்லில எங்களுக்கொரு இடைஞ்சல் இருக்கு. யாழ்ப்பாணத்தில பரப்பு என்பது காணி அளவு. பத்துப் பேர்ச் ஒரு பரப்பு, பதினாறு பரப்பு ஒரு ஏக்கர். சுவரடங்கு பரப்பு என்று எழுதினால், மதில் கட்டின காணியோ, எத்தனை பரப்பு என்று கேட்பினம். ஆனாலும் வேற சொல் இல்லை, பாடசாலையிலயும் பரப்பளவு என்றுதான் படிச்சனாங்கள். 'பரப்பளவு' என்று முழுசாப் போட்டால் குழப்பம் குறையும்.

கடைக்கால் எழுதியது:

சுவரடங்கு, சுவர்நீங்கு இரண்டையும் மேஸ்திரியிடம் போனில் சொல்லிப் பார்த்தேன். "சுவர் நீங்குதா, எங்கே?" என்று பதறிவிட்டார்.

சாந்துக்கரண்டி எழுதியது:

சுவர்நீங்கு என்று வைத்தால் கார்ப்பெட் ஏரியாவை (வீட்டுக்குள் புழங்கும் பரப்பை) எங்கே கொண்டு போவீர்கள்? 2016 ரியல் எஸ்டேட் சட்டத்தில் வெளிச்சுவர்தான் கழியும், உள் தடுப்புச் சுவர் சேரும். பாதி நீங்கும், பாதி நீங்காது. அதைச் சிலர் 'கம்பளப் பரப்பு' என்கிறார்கள். நல்லவேளை, நம் ஊர் வெயிலுக்கு யாரும் கம்பளம் விரிப்பதில்லை.

என் ஓட்டு 'கட்டுப் பரப்பு'. கட்டின இடமெல்லாம் அடங்கும், மாடிக்கு மாடி சொல்லலாம், மாணவனுக்கும் புரியும்.

ஓலைநறுக்கு எழுதியது:

கட்டு என்பது வீட்டின் பகுதி. முதற்கட்டு, இரண்டாங்கட்டு. செட்டிநாட்டு வீட்டில் இரண்டாங்கட்டுப் பரப்பு என்றால் எதைக் குறிக்கும்? மேலும், கட்டு+அடம் கட்டடம். ஒற்று+அடம் ஒற்றடம் போல. 'கட்டிடம்' என்று எழுதுவோர் இதைக் கவனிக்க. 'கட்டிடம்' என்பது கட்டுவதற்குரிய மனை மட்டுமே.

(கட்டடமா கட்டிடமா என்று பதினேழு மடல்கள். தனி இழைக்கு மாற்றப்பட்டன.)

மட்டக்கோல் எழுதியது:

ஞாயிறு இரவு பத்து மணி. 'கட்டுப் பரப்பு'க்கு ஐந்து பேர். அதில் இருவர் வேறு வழியில்லை என்று குறித்திருக்கிறார்கள். 'சுவரடங்கு பரப்பு'க்கு ஓலைநறுக்கு ஐயா மட்டும். யாழ்ப்பாண ஐயா 'கட்டுப் பரப்பளவு' என்கிறார். நான் 'கட்டுப் பரப்பு' என்றே போட்டு, முதல் முறை வரும்போது 'பிளிந்த் ஏரியா' என்றும், பக்கத்தில் 'ஒவ்வொரு மாடிக்கும் தனித்தனியே அளக்க' என்றும் சேர்த்துவிட்டேன். கடைக்கால் ஐயா கேட்ட ஒரு வரியும் போட்டாயிற்று. கோப்பு அச்சுக்குப் போகிறது. எல்லோருக்கும் நன்றி.

ஓலைநறுக்கு எழுதியது:

என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். இரண்டரை மாத்திரை கூடுதலாகச் சொல்வதற்குக்கூட இக்காலத்தில் பொறுமையில்லை.

சாந்துக்கரண்டி எழுதியது:

அம்மா, அந்தக் கணக்கில் எதிர்பாராச் செலவு 5 சதவீதம் சேர்த்தீர்களா? 12 கோடியே 60 லட்சம் வரவேண்டும்.

ஓலைநறுக்கு எழுதியது:

'எதிர்பாராச் செலவு' ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். ஒற்று மிகும். சரியாகவே எழுதியிருக்கிறீர்கள். ஆனால் இத்தனை விழுக்காடு என்று முன்கூட்டியே ஒதுக்கி வைத்துவிட்டால், அது எதிர்பாராதது ஆகுமா? இதற்கும் ஒரு சொல் வேண்டும்.