வைஃபை சுவிட்சா, ஜிக்பீயா? பூச்சு வேலைக்கு முன் முடிவு செய்ய வேண்டும்

காவேரிப்பட்டணம் தோட்டக்காரன்:
தோட்டத்து வீட்டுக்கு வயரிங் முழுக்க மாற்றுகிறோம். பின்கட்டு பழைய கல் கட்டடம், சுவரே ஒன்றரை அடி கனம். முன்பக்கம் புதிதாகச் செங்கல்லில் இரண்டு அறை. அப்பாவும் அம்மாவும் மட்டும்தான் இருப்பார்கள். எனக்கு ஓசூரில் வேலை, ஞாயிற்றுக்கிழமைதான் வர முடியும். அப்பாவுக்கு முழங்கால் வலி. ராத்திரி எழுந்தால் தடவித் தடவி சுவிட்ச் தேடக் கூடாது, டேங்க் நிரம்பினால் மோட்டாரை நிறுத்த ஓடக் கூடாது. இவ்வளவுதான் தேவை.

கடைக்காரர் வைஃபை சுவிட்சும் அலெக்சாவும் போதும் என்கிறார். கூட வேலை செய்பவர் ஜிக்பீ (ஸ்மார்ட் பொருள்கள் வைஃபை இல்லாமல் தங்களுக்குள் பேசும் ரேடியோ முறை), ஹோம் அசிஸ்டன்ட் (எல்லாவற்றையும் வீட்டிலிருந்தே இயக்கும் மென்பொருள்) என்கிறார். இன்னொருவர் மேட்டர் (எந்த நிறுவனப் பொருளும் ஒன்றோடொன்று சேர்வதற்கான பொதுத் தரம்) பொருள்களாகவே வாங்கு என்கிறார். சுவரில் காடி வெட்டியாகிவிட்டது, அடுத்த வாரம் பூச்சு. எதை நம்பி இறங்குவது?

பாலக்கோடு வயர்மேன்:
தம்பி, எந்த சிஸ்டம் என்பது அப்புறம். பூச்சுக்கு முன்னால் எல்லா சுவிட்ச் பாக்ஸுக்கும் நியூட்ரல் வயர் (கரண்ட் திரும்பிப் போகும் வயர்) இழுக்கச் சொல்லுங்கள். பிளக் பாயின்ட் உள்ள போர்டில் எப்படியும் இருக்கும். வெறும் சுவிட்ச் மட்டும் உள்ள படுக்கைப் பக்க போர்டு, மாடிப்படி போர்டில்தான் விட்டுவிடுவார்கள். ஸ்மார்ட் சுவிட்ச் எப்போதும் உயிரோடு இருக்க வேண்டும், பெரும்பாலானவற்றுக்கு நியூட்ரல் இல்லாமல் ஆகாது. பாக்ஸும் ஆழமானதாகப் போடுங்கள், ரிலே (சிக்னல் வந்ததும் விளக்கைப் போட்டு அணைக்கும் சிறு கருவி) உள்ளே உட்கார இடம் வேண்டும்.

உங்கள் வீட்டுக்கு என் ஓட்டு ஜிக்பீக்குத்தான். காரணம் அந்தக் கல் சுவர். முன்னறை ரவுட்டரின் சிக்னல் பின்கட்டுக்கு ஒழுங்காக வராது. ஜிக்பீயில், நியூட்ரலோடு கரண்டில் ஓடும் சுவிட்சும் பிளக்கும் பெரும்பாலும் சிக்னலை வாங்கி அடுத்ததற்குக் கொடுக்கும். பேட்டரி சென்சார் அப்படிக் கொடுக்காது. அதனால் கல் சுவரின் வாசல் நிலைக்கு அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று என்று கரண்டில் ஓடுவதை வையுங்கள். கட்டிலுக்குக் கீழே ஒரு மோஷன் சென்சார் ஒட்டி, தரையோரம் மங்கலாக எரியும் விளக்கோடு சேர்த்துவிட்டால் அப்பா கால் ஊன்றியதுமே வெளிச்சம் வந்துவிடும்.

எதை வாங்கினாலும் கை சுவிட்ச் தன் பாட்டுக்கு வேலை செய்ய வேண்டும். நெட் போனதும் விளக்கு போடத் தெரியாமல் பெரியவர்கள் உட்கார்ந்திருக்கும் வீட்டைப் பார்த்திருக்கிறேன், மனசே கேட்கவில்லை.

மோட்டாரில் மட்டும் விளையாடாதீர்கள். கிளம்பும் நேரத்தில் அது ஓடுவதைப் போலப் பல மடங்கு கரண்ட் இழுக்கும். பத்து ஆம்பியர் ரிலேயில் நேரடியாகக் கொடுத்தால் உள்ளே முனை ஒட்டிக்கொள்ளும், அப்புறம் போனில் எத்தனை முறை அணைத்தாலும் மோட்டார் நிற்காது. நடுவில் கான்டாக்டர் (பெரிய கரண்டைத் தாங்கும் சுவிட்ச்) வையுங்கள், ரிலே அதன் காயிலை மட்டும் இயக்கட்டும். டேங்க் நிரம்பியதும் மோட்டாரை நிறுத்தும் ஃப்ளோட் சுவிட்சுக்குத் தனி வயர் ஸ்டார்ட்டர் பேனலுக்கே வரட்டும். தண்ணீர் இல்லாமல் ஓடுவதைத் தடுக்கும் டிரை ரன் காப்பும் அந்தப் பேனலிலேயே இருக்கட்டும். நெட்டையும் ஹப்பையும் (ஜிக்பீ பொருள்களை இணைக்கும் மையப் பெட்டி) நம்பி போர்வெல் மோட்டாரை விடக் கூடாது.

ஓசூர் சிப்காட்:
அண்ணன் சொல்வது சரி. மேட்டர் 2022 அக்டோபரில் வந்தது. அந்தப் பெயர் போட்ட பொருள் அலெக்சா, கூகுள், ஆப்பிள் மூன்றோடும் சேரும், வீட்டுக்குள்ளேயே பேசிக்கொள்ளும். ஆனால் அதுவும் பெரும்பாலும் வைஃபை அல்லது த்ரெட் (ஜிக்பீ போன்ற இன்னொரு ரேடியோ முறை) வழியாகத்தான் ஓடும், வைஃபை என்றால் அதே கல் சுவர் பிரச்சினை. ஹோம் அசிஸ்டன்ட் போட்டால் ஜிக்பீ, மேட்டர் இரண்டையும் ஒரே இடத்தில் பார்க்கலாம், நெட் இல்லாவிட்டாலும் ஓடும். வைஃபையும் ஜிக்பீயும் ஒரே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை. ரவுட்டரை 1-ஆம் சேனலிலும் ஜிக்பீயை 25-ஆம் சேனலிலும் வைத்தால் ஒன்றோடொன்று மோதாது. ரவுட்டர், ஹப் இரண்டையும் இன்வெர்ட்டர் லைனில் கொடுத்துவிடுங்கள்.

காவேரிப்பட்டணம் தோட்டக்காரன்:
ரொம்ப நன்றி அண்ணா, நன்றி சார். ஜிக்பீயே போட்டுவிடுகிறேன். அம்மாவுக்குத் தமிழ் தவிர வேறு தெரியாது, அதனால் குரலில் கட்டளை கேட்கும் அலெக்சாவும் வேண்டாம். ஃபேன் எல்லாம் ரிமோட் வைத்த பிஎல்டிசி (கரண்ட் குறைவாக இழுக்கும் எலக்ட்ரானிக் மோட்டார் வகை). அதற்கும் ஸ்மார்ட் ரெகுலேட்டர் வேண்டுமா?

பாலக்கோடு வயர்மேன்:
வேண்டவே வேண்டாம். பிஎல்டிசி ஃபேனை ரெகுலேட்டரில் கொடுக்கவே கூடாது, வெறும் சுவிட்ச் போதும். இன்னொன்று, கரண்ட் போய் வந்ததும் என்ன நிலை என்று பெரும்பாலான ஸ்மார்ட் சுவிட்சுகளில் ஒரு செட்டிங் இருக்கும். படுக்கையறை விளக்குக்கு அதை ‘ஆஃப்’ என்று வையுங்கள். நடுராத்திரி கரண்ட் வரும்போது எல்லா விளக்கும் பளிச்சென்று எரிந்தால் அவர்கள் தூக்கம் போய்விடும்.