எம்.டி. பெயரில் வாட்ஸ்அப் வந்து கிஃப்ட் கார்டு வாங்கினேன், ஒரு கார்டின் கோடு நம்பரை அனுப்பியும் விட்டேன். இனி என்ன செய்வது?

பனியன்ஊர்க்காரி
மதியம் 2.40

கை நடுங்கிக்கொண்டேதான் அடிக்கிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். இன்று சாப்பாட்டு நேரத்தில் புது நம்பரிலிருந்து வாட்ஸ்அப். டிபியில் எங்கள் எம்.டி. படம், கும்பாபிஷேகத்தில் மாலையோடு நிற்பாரே அதே படம். பையர் மீட்டிங்கில் இருக்கிறேன், பேச முடியாது, இது என் இன்னொரு நம்பர், வந்திருப்பவர்களுக்குக் கொடுக்க 10,000 ரூபாய் கிஃப்ட் கார்டு ஐந்து உடனே வேண்டும், உங்கள் கையிலிருந்து வாங்கி அனுப்புங்கள், சாயங்காலம் தந்துவிடுகிறேன் என்று இருந்தது. இன்று உண்மையிலேயே பையர்கள் வந்திருக்கிறார்கள், அதனால்தான் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

என் கணக்கில் இருந்ததற்கு இரண்டுதான் வாங்க முடிந்தது, ஜிபேயில் பணம் கட்டினேன், ஒரு ஆன்லைன் கடையின் கார்டு. முதல் கார்டின் ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பினேன். உடனே பதில்: "தேங்க்யூ டியர், நெக்ஸ்ட் ஒன்?" அந்த டியரைப் பார்த்ததும்தான் வயிற்றைக் கலக்கியது. எங்கள் எம்.டி. வாட்ச்மேனைக்கூட "ஏனுங்க" என்றுதான் கூப்பிடுவார். மாடிக்கு ஓடிப்போய்ப் பார்த்தால் மனிதர் பையரோடு துணி சாம்பிளைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், போன் மேஜையில் கவிழ்ந்து கிடக்கிறது.

இரண்டாவது கார்டை அனுப்பவில்லை. கடையின் தளத்தில் கேன்சல் செய்யலாம் என்று பார்த்தால் விற்ற கார்டைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்கிறது. எனக்குப் புரியாதது ஒன்றுதான்: என் பெயரில், என் ஈமெயிலுக்கு வந்த கார்டை வேறு ஒருத்தன் எப்படிப் பயன்படுத்த முடியும்? முதல் கார்டு போனது போனதுதானா?

மொட்டைமாடி
2.46

மற்றதெல்லாம் அப்புறம். இந்த நிமிஷமே அந்தக் கடையில் உங்கள் சொந்தக் கணக்கைத் திறந்து, கிஃப்ட் கார்டு சேர்க்கும் இடத்தில் இரண்டு கோடையும் நீங்களே போடுங்கள், அனுப்பிய முதல் கோடை முதலில். அவன் இன்னும் போடாமல் இருந்தால் பணம் உங்கள் கணக்கில் உட்கார்ந்துவிடும், அதற்குப் பிறகு அவன் கையில் இருப்பது வெறும் எழுத்து. அதோடு 1930க்கு அடியுங்கள், சைபர் குற்றத்துக்கான தேசிய உதவி எண். அவனைத் திட்டி மெசேஜ் போடாதீர்கள், பிளாக்கும் செய்யாதீர்கள், தெரிந்துகொண்டுவிட்டாள் என்று அவனுக்குத் தெரிய வேண்டாம்.

பனியன்ஊர்க்காரி
2.58

போட்டேன். இரண்டாவது ஏறிவிட்டது, 10,000 காட்டுகிறது. முதல் கோடைப் போட்டால் "ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது" என்று வருகிறது. நான் அனுப்பி அரை மணி நேரம்கூட ஆகவில்லை. 1930க்கு முயற்சி செய்துகொண்டிருக்கிறேன், லைன் பிஸி.

பழைய ஹெட்செட்
3.20

சகோதரி, நான் நான்கு வருடம் இதே வேலையில், அதாவது கிஃப்ட் கார்டு புகார்களுக்குப் போனில் பதில் சொல்லும் வேலையில் இருந்தவன். எந்த கம்பெனி என்று கேட்காதீர்கள். 1930 லைன் கிடைக்காவிட்டால் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலேயே பதிவு செய்யலாம், ஆனால் போனையும் விடாதீர்கள். கூடவே கார்டு விற்ற கடையின் வாடிக்கையாளர் சேவைக்கு இதை மட்டும் சொல்லுங்கள்: "மோசடியில் கோடு போய்விட்டது, அது ஏறிய கணக்கை நிறுத்தி வையுங்கள்." ரீஃபண்ட் வேண்டும் என்று ஆரம்பித்தால் எதிரில் இருக்கும் பையனிடம் அதற்கு ஒரு பதில் தயாராக இருக்கும், படித்துக்காட்டிவிட்டு வைத்துவிடுவான். நானே அப்படி எத்தனையோ பேருக்குப் படித்திருக்கிறேன். மோசடி என்ற வார்த்தை விழுந்தால்தான் கால் வேறு டீமுக்குப் போகும். ஆர்டர் எண், யுபிஐ பரிவர்த்தனை எண், வாட்ஸ்அப் உரையாடல், எதையும் அழிக்காதீர்கள்.

இப்போது உங்கள் கேள்வி. கார்டு என்பது கடையின் கம்ப்யூட்டரில் ஒரு வரி, அவ்வளவுதான். இந்த நம்பருக்கு இவ்வளவு ரூபாய், இந்தத் தேதி வரை என்று இருக்கும். சிலவற்றில் 16 இலக்க நம்பரும் தனியாக ஒரு பின்னும் வரும், சிலவற்றில் ஒரே கோடுதான். உங்கள் ஈமெயில் அந்த நம்பரைக் கொண்டுவந்து சேர்த்த தபால்காரர் மாதிரி. யார் பெயர் என்று அந்த வரி கேட்பதில்லை, யார் முதலில் நம்பரைச் சொல்கிறார்களோ அவர்கள் கணக்கில் பணத்தை இறக்கிவிடும். பரிசு என்றால் வாங்குபவர் வேறு, செலவு செய்பவர் வேறு, அதனால் வேண்டுமென்றேதான் இப்படி வைத்திருக்கிறார்கள். திருடனுக்கும் அதுவேதான் வசதி. வங்கிக்கு அனுப்பினால் கணக்கு எண், பெயர் என்று ஒரு தடம் இருக்கும், 1930இல் சொன்னால் வழியிலேயே முடக்க முயல்வார்கள். கோடு அப்படியில்லை, வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோவாக நாலு கை மாறிவிடும்.

இன்னொன்று, உங்களிடம் ஏன் "10,000 ரூபாயில் ஐந்து" என்று கேட்டான், 50,000க்கு ஒன்றாகக் கேட்கவில்லை என்று யோசித்தீர்களா? பல கடைகளில் செல்லும் கிஃப்ட் கார்டுக்கு ரிசர்வ் வங்கி 10,000 ரூபாய்தான் உச்சவரம்பு என்று வைத்திருக்கிறது. ஒரே கடையின் கார்டுக்கு அந்த விதி கிடையாது, ஆனாலும் 10,000 என்பது எல்லோருக்கும் பழகிப்போன எண். இவன் புதுசாகக் கண்டுபிடித்து வந்தவன் இல்லை, தினமும் இதையே அனுப்புகிறவன்.

வங்கியில் போய் அழுதால் பணம் வரும் என்று யாராவது சொன்னால் அதிகம் நம்பிக்கை வைக்காதீர்கள். நமக்குத் தெரியாமல் எடுத்த பணத்துக்குத்தான் வாடிக்கையாளருக்குப் பொறுப்பில்லை என்ற பாதுகாப்பு உண்டு. இங்கே நீங்களே பின் போட்டுக் கட்டியிருக்கிறீர்கள், கடையும் கார்டைக் கொடுத்துவிட்டது. வங்கிப் பார்வையில் அது ஒழுங்காக முடிந்த வியாபாரம்.

வேலூர்வெயில்
4.05

அந்த 10,000 இந்நேரம் எங்காவது ஒரு டெலிகிராம் குரூப்பில் 7,000க்கு விலை பேசப்பட்டுக்கொண்டிருக்கும். என் சித்தப்பா பையன் அப்படி ஒரு குரூப்பில்தான் 2,000 ரூபாய் கார்டை 1,400க்கு வாங்கினான். வேலையும் செய்தது, ஹெட்போன் வாங்கினான், எங்களிடம் பெருமை வேறு. இரண்டு நாள் கழித்து அவனுடைய ஷாப்பிங் கணக்கையே பூட்டிவிட்டார்கள், அதில் கிடந்த அவன் சொந்தப் பணமும் சேர்ந்து மாட்டிக்கொண்டது. இங்கே அழுகிற அக்கா மாதிரி யாரோ ஒருவர் புகார் கொடுத்திருப்பார் என்று இப்போதுதான் உறைக்கிறது. பேங்க் ஆஃபரில் அஞ்சு சதவீதம், பத்து சதவீதம் குறைவாகக் கிடைப்பது சகஜம், முகம் தெரியாதவன் முப்பது சதவீதம் குறைத்துக் கொடுத்தால் அது திருட்டுச் சரக்கு அல்லது காலி கார்டு.

நங்கைநல்லூர்
4.30

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். கல்யாணத்துக்கு வந்த கிஃப்ட் கார்டு ஒன்று ஈமெயிலில் ப்ரமோஷன் டேபுக்குள் புதைந்து கிடந்து நேற்றுதான் கண்ணில் பட்டது, 3,000 ரூபாய், தேதி முடிந்து இரண்டு மாதம் ஆகிறது. தூக்கிப் போட வேண்டியதுதானா? கூகுளில் பேலன்ஸ் பார்க்கும் தளம் என்று தேடினால் ஏகப்பட்டது வருகிறது, அதில் போட்டுப் பார்க்கலாமா?

கணக்குப்பிள்ளை
5.10

போடாதீர்கள்! தேடலில் வரும் பேலன்ஸ் தளங்களில் பல, கார்டு நம்பரையும் பின்னையும் உங்களிடமே கேட்டு வாங்கிக்கொள்வதற்காகப் போட்ட கடை. கார்டு வந்த ஈமெயிலில் எந்தக் கடை, எந்த வங்கி என்று இருக்கும், அவர்களுடைய ஆப்பில் அல்லது முகவரியை நீங்களே தட்டிப் போகும் தளத்தில் மட்டும் பாருங்கள்.

காலாவதி விஷயம் கார்டின் வகையைப் பொறுத்தது. ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் போட்ட விதிகள்படி, வங்கிகளும் அனுமதி பெற்ற நிறுவனங்களும் கொடுத்துப் பல கடைகளில் செல்லும் கார்டு என்றால் குறைந்தது ஒரு வருடம் உயிரோடு இருக்க வேண்டும், முடிவதற்கு முந்தைய 45 நாளில் எச்சரிக்கையும் அனுப்ப வேண்டும், கிஃப்ட் கார்டு வைத்திருப்பவர் கேட்டால் புதுப்பித்துத் தரவும் விதியில் இடம் உண்டு. எனவே உங்களுடையது அந்த வகை என்றால் ஒரு ஈமெயில் போட்டுக் கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம். ஒரே கடையில் மட்டும் செல்லும் கார்டு இந்த விதிக்குள் வராது, அங்கே கடைக்காரர் வைத்ததுதான் சட்டம், ஆனாலும் மேனேஜரிடம் கேட்டு நான் ஒருமுறை வாங்கியிருக்கிறேன்.

மற்றபடி பொதுவாகக் கிஃப்ட் கார்டைப் பணமாக மாற்ற முடியாது. அமேசான் பே கார்டை வைத்து இன்னொரு கிஃப்ட் கார்டு வாங்க முடியாது, கூகுள் பிளே கோடு பிளே ஸ்டோருக்குள் மட்டும்தான் ஓடும். அதனால்தான் கரண்ட் பில் பாக்கி, கஸ்டம்ஸில் பார்சல், வேலைக்கு டெபாசிட் என்று எவனாவது பிளே கோடு கேட்டால் எனக்குச் சிரிப்பு வரும், மின்வாரியம் பிளே ஸ்டோரில் கேமா விளையாடப் போகிறது?

பனியன்ஊர்க்காரிக்கு: நீங்களும் அக்கவுண்ட்ஸ் என்பதால் ஒரு கேள்வி. நிஜ எம்.டி. பையருக்குப் பரிசு கொடுக்கச் சொன்னால் கம்பெனி கணக்கிலிருந்துதானே போகும், அப்போதுதானே செலவில் காட்டலாம்? உங்கள் சொந்த ஜிபேயில் ஏன் கேட்க வேண்டும்? குற்றம் சொல்லவில்லை, அவசரம் என்றால் நானும் இதை யோசித்திருக்க மாட்டேன்.

பனியன்ஊர்க்காரி
மறுநாள் காலை 10.15

எல்லோருக்கும் நன்றி. 1930 நாலாவது முறை கிடைத்தது, பொறுமையாகத்தான் கேட்டார்கள், புகார் எண் கொடுத்தார்கள். கடையில் ஹெட்செட் அண்ணா சொன்ன வாக்கியத்தை அப்படியே சொன்னேன், ஆச்சரியம், உடனே வேறு ஒருவருக்கு மாற்றினார்கள். கோடு ஏறிய கணக்கில் கொஞ்சம் பணம் மிச்சம் இருக்கிறதாம், அதை நிறுத்தி வைத்திருக்கிறார்கள், எவ்வளவு என்று சொல்லவில்லை, போலீஸ் கடிதம் வந்தால்தான் மேற்கொண்டு பேசுவார்களாம். பார்க்கலாம்.

கணக்குப்பிள்ளை கேட்டது நெஞ்சில் தைத்தது, தினமும் பில் இல்லாத செலவுக்கு மற்றவர்களைக் கேள்வி கேட்கிறவளே நான்தான். எம்.டி.யிடம் சொன்னேன், திட்டு விழும் என்று நினைத்தேன். "ஏனுங்க, நான் என்னைக்குங்க உங்ககிட்ட கைமாத்து கேட்டேன்" என்றார், அவ்வளவுதான். அப்புறம் அவரே கம்பெனி குரூப்பில் வாய்ஸ் நோட் போட்டார், தன் பெயரில் யார் பணம், கார்டு எது கேட்டாலும் பழைய நம்பருக்குக் கூப்பிட்டுக் குரலைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம் என்று. கட்டிங் மாஸ்டருக்கும் போன வாரம் இதே மாதிரி வந்ததாம், அவர் காசில்லை என்று பதில் போட்டுவிட்டுத் தூங்கப் போயிருக்கிறார்!

காப்பாற்றின 10,000 அந்தக் கடையிலேயே செலவு செய்தாக வேண்டும். வீட்டில் மிக்ஸி போய்விட்டது, அதை வாங்கிவிடலாம் என்று பார்க்கிறேன்.

பழைய ஹெட்செட்
10.40

வாங்குங்கள். மாடலை மட்டும் நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள், பிடிக்கவில்லை என்று திருப்பி அனுப்பினால் கார்டில் கட்டிய பணம் கார்டு பேலன்ஸுக்குத்தான் திரும்பும், வங்கிக்கு வராது. அந்த ஸ்கிரீன்ஷாட்டுகளைப் புகார் முடியும் வரை வைத்திருங்கள், போனில் மட்டும் இல்லாமல் பென் டிரைவிலும் ஒரு காப்பி.