குழாய்த் தண்ணி இல்லாம வீட்டுலயே காடி (கார்) கழுவுறது: செம்மண் தூசுக்கு எது சரி?

பெர்ஜுந்தை_மைவி

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. பெஸ்தாரி ஜெயா பக்கம், தாமான் வீடு. காடி வெள்ளை மைவி. வேலைக்குப் போற வழியில பாதி தூரம் செம்பனைத் தோட்டத்துச் செம்மண் ரோடு, அதுவும் பழக்குலை லோரிக்குப் பின்னாலதான் போகணும். வீட்டுக் குழாய்ல தண்ணி நூலாட்டம் வருது, ரப்பர் டியூப் பிடிச்சுக் கழுவுற பேச்சுக்கே இடமில்ல. ராத்திரி வாளியில பிடிச்சு வைக்கலாம், அவ்வளவுதான்.

கடையில ரெண்டு வகை பாட்டில் இருக்கு. ஒண்ணுல வாட்டர்லெஸ்னு போட்டிருக்கு, இன்னொண்ணுல ரின்ஸ்லெஸ். எது வாங்கணும், எவ்வளவு கலக்கணும்? தண்ணி ஊத்தாம துடைச்சா கோடு விழாதா? பாத்திரம் கழுவுற சோப்பையே அரை வாளியில கொஞ்சம் கலந்து துடைச்சா ஆகாதா?

பாலிஷ்_பட்டறை

தம்பி, ரெண்டும் ஒண்ணு இல்ல. வாட்டர்லெஸ்ங்கிறது பாட்டிலோட அப்படியே காடி மேல அடிச்சுத் துடைக்கிறது. போர்ச்ல நிக்கிற காடி, ஒரு நாள் தூசு, இதுக்கு அது போதும். செம்மண் ரோட்டுக்கு ஆகாது, தூசு அதிகம், ஈரம் கம்மி. உங்களுக்கு வேண்டியது ரின்ஸ்லெஸ். வாளித் தண்ணியில கலந்து, காடியை ஊறவெச்சு, ஈரத் துணியில எடுத்து, அலசாமலே காய்ஞ்ச துணியில ஒத்தி முடிக்கிறது.

பாத்திர சோப்பு வேணவே வேணாம். கொழுப்பை எடுக்கச் செஞ்ச சாமான் அது, நல்லா அலசினாத்தான் போகும். அலசாம விட்டா திட்டுத் திட்டா காயும், பெயிண்ட் மேல இருக்கிற மெழுகையும் உரிச்சிடும். சாதாரணக் கார் ஷாம்புவும் இதுக்கு உதவாது.

கோடு எங்கிருந்து வருதுன்னு தெரிஞ்சா மத்தது எல்லாம் புரியும். செம்மண்ணுக்குச் சிவப்பைக் குடுக்கிறது இரும்பு ஆக்சைடு. கோடு போடுறது அதோட கலந்திருக்கிற குவார்ட்ஸ் மணல். 10 வரைக்கும் போற மோஸ் கடினத்தன்மை அளவுல குவார்ட்ஸ் 7. பெயிண்ட் மேல பூசியிருக்கிற கிளியர் கோட் பொதுவா 40, 50 மைக்ரான்தான், ஒரு தலைமுடி தடிப்புகூட இல்ல. காய்ஞ்ச தூசு மேல துணியை வெச்சு இழுத்தா அந்த மணல்தான் உழும். ரின்ஸ்லெஸ் தண்ணியில இருக்கிற பாலிமர், மண் துகள் மேல படிஞ்சு அதை வழுக்க வைக்கும். ஆனா அதுக்கு நேரம் குடுக்கணும். அடிச்ச கையோட துடைச்சா காசு குடுத்து வாங்கின மருந்து வீண்.

அளவு: ஆப்டிமம் நோ ரின்ஸ் மாதிரி மருந்துன்னா 256-க்கு 1. 4 லிட்டர் தண்ணிக்கு 15 மில்லி, மேசைக்கரண்டி ஒண்ணு. வேற பிராண்டுன்னா பாட்டில் பின்னால போட்டிருக்கிற அளவு. மைவிக்கு 4 லிட்டர் வாளி ஒண்ணும், ஊறவைக்க 2 லிட்டர் கைப் பம்ப் ஒண்ணும் போதும். பம்ப்புல 8 மில்லி.

துணிதான் இதுல பெரிய விஷயம். 40-க்கு 40 சென்டிமீட்டர் மைக்ரோஃபைபர், 300லிருந்து 400 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்னு துணியோட கனம்), ஆறு துணி. ஒவ்வொண்ணையும் நாலா மடிச்சா எட்டு பக்கம் கிடைக்கும். ஆறையும் வாளியில ஊறப் போட்டுடுங்க. ஒரு துணியை எடுத்து, சொட்டாத அளவுக்கு லேசா பிழிஞ்சு, பேனல் மேல ஒரே திசையில நேரா ஒரு இழு. வட்டமா தேய்க்கக் கூடாது, முன்னும் பின்னும் போகக் கூடாது. துணியோட கனமே போதும், கையால அமுக்க வேணாம். அடுத்த இழுவைக்குப் பக்கத்தைத் திருப்புங்க. எட்டு பக்கமும் அழுக்கானா அந்தத் துணி வேலை முடிஞ்சது, தனியா ஒரு பேசின்ல போடணும். அழுக்குத் துணி திரும்ப வாளிக்குள்ள போகவே கூடாது. ஒரே ஸ்பாஞ்சை முக்கி முக்கித் துடைக்கிறவங்களுக்குக் கோடு விழுறதே இதனாலதான்.

வரிசை மேலிருந்து கீழ. கூரை, கண்ணாடி, பானட், கதவோட மேல்பாதி, பூட், அப்புறம் கதவோட கீழ்பாதி, கடைசியில பம்பர். ஒரு பேனலைப் பம்ப்பால நனைச்சு 2, 3 நிமிஷம் விட்டு, துடைச்சு, உடனே தடிப்பான காய்ஞ்ச துணியில ஒத்தி எடுத்துட்டுத்தான் அடுத்ததுக்குப் போகணும். ரிம்முக்குத் தனித் துணி, வேற கலர்ல வெச்சுக்குங்க. பிரேக் தூசுல இரும்புப் பொடி இருக்கும், அந்தத் துணியை பாடி பக்கமே கொண்டு வரக் கூடாது.

காலையில எட்டு மணிக்கு முன்னால, இல்ல வெயில் சாய்ஞ்ச பிறகு, நிழல்ல. புறங்கையை பானட்ல வெச்சுப் பாருங்க. சுட்டா அன்னிக்கு விட்டுடுங்க, துடைக்கிறதுக்கு முன்னாலயே காய்ஞ்சிடும்.

லோரி_கராஜ்

அண்ணன் சொன்னது தூசுக்குச் சரி. தோட்டத்து ரோட்டுல மழை பெய்ஞ்சா தூசா இருக்கும்? சேறு. அதைச் சொல்லாம விட்டா தம்பி கதவோட கீழ்பாதியை அந்த ஆறு துணியாலயே மணல்தாள் போட்ட மாதிரி ஆக்கிடுவாரு.

சோதனை சுலபம். காய்ஞ்ச மண் ஓரத்தை நகத்தால லேசா தொடுங்க. பொடியா கொட்டினா தூசு. செதிலா பெயர்ந்தா சேறு. சேறுன்னா துணி கிட்டயே வரக் கூடாது, முதல்ல மண் தானா இறங்கணும். 5 லிட்டர் தோட்டப் பம்ப் ஹார்ட்வேர் கடையில கிடைக்கும். முனையை விசிறி மாதிரி வெச்சு வெறும் தண்ணி அடிங்க. சக்கரக் குழிவு, கதவுக்குக் கீழ ஓடுற சில், மட்கார்டு ரப்பர், பின் பம்பர் ஓரம். ஐந்து நிமிஷம் விட்டு, முனையைக் குறுக்கி மேலிருந்து கீழ தள்ளுங்க. ரெண்டு சுத்து போனாத்தான் செம்மண் விடும், அதுல இருக்கிற களி ஊறாம நகராது. அதுக்கப்புறம் ரின்ஸ்லெஸ். மொத்தமா பார்த்தா 10, 12 லிட்டர்தான் ஆகும், ரப்பர் டியூப் ஒரு நிமிஷத்துல ஊத்துறது கிட்டத்தட்ட அவ்வளவு.

விரல் தடிப்புக்குச் சேறு அப்பியிருந்தா வீட்டுல முயற்சியே வேணாம். கழுவுற கடைக்கு விட்டுடுங்க.

இன்னொண்ணு, தோட்டத்துல களைக்கு மருந்து அடிக்கிற பம்ப் வீட்டுல சும்மா கிடக்குன்னு எடுத்துடாதீங்க. எத்தனை தடவை அலசினாலும் டியூப்ல, வாஷர்ல மருந்து நிக்கும். கையிலயும் படும், பூந்தொட்டியிலயும் வடியும். புதுசு வாங்கி, மேல "காடிக்கு மட்டும்"னு எழுதி வைங்க.

கோழி இறகுத் துடைப்பான், அதான் புலு ஆயாம், அதைக் குப்பையில போடுங்க. கறுப்புக் காடியில வெயில் படும்போது சிலந்தி வலை மாதிரி தெரியுதே, அதுல பாதி அந்தத் துடைப்பான் வேலை. தண்ணியில மண்ணெண்ணெய் கலந்து துடைச்சா பளபளன்னு இருக்கும்னு பழைய டிரைவர்மார் சொல்லுவாங்க. இருக்கும், ஒரு நாளைக்கு. அதுல நிக்கிற எண்ணெய்ப் படலம் மறுநாளே தூசைப் பிடிச்சு வெச்சுக்கும், கதவு ரப்பரும் ஊதிப் போகும்.

பெர்ஜுந்தை_மைவி

ரொம்ப நன்றி அண்ணே, ரெண்டு பேருக்கும். மூணு சந்தேகம். மழைத் தண்ணி டிரம்ல இருக்கு, அதைப் பயன்படுத்தலாமா? ரின்ஸ்லெஸ் போட்ட பிறகு கண்ணாடியிலயும் பானட்லயும் மங்கலா கோடு நிக்குது, மருந்து கம்மியா? முன் பம்பர்ல எண்ணெய்ப் புள்ளியும் கறுப்புப் புள்ளியும் துணிக்கு அசையவே இல்ல.

சிவப்பு_ஆக்ஸியா

தம்பி, மழைத் தண்ணி தாராளமா எடுங்க. அதுல சுண்ணாம்பு கிடையாது, காய்ஞ்சா வெள்ளைப் புள்ளி விழாது. கிணத்துத் தண்ணியை விட எவ்வளவோ மேல். சில இடத்துக் கிணத்துல இரும்பு அதிகம், வாளியில ஒரு ராத்திரி வெச்சா மஞ்சளாகும். அந்தத் தண்ணி வெள்ளைக் காடிக்கு ஆகாது. மழை பிடிக்கும்போது முதல் பத்து நிமிஷத் தண்ணியைக் கீழ விட்டுடுங்க, கூரைத் தகரத்துல இருக்கிற தூசு, பறவை எச்சம் எல்லாம் அதுலதான் வரும். வாளியில ஊத்தும்போது பழைய டி-ஷர்ட்டால வடிகட்டுங்க. டிரம்மை மூடி வைங்க. மூடி இல்லன்னா கொசுவலையை இழுத்து ரப்பரால கட்டுங்க, ஏடிஸ் கொசுவுக்கு ஒரு வாரம் நின்ன தண்ணி போதும். சுகாதார இலாகா ஆள் வந்து புழு பார்த்தா அபராதம் காடிக் கழுவுற செலவை விட அதிகம்.

மங்கல் கோடு மருந்து கம்மியானதால இல்ல, அனேகமா அதிகமானதால. மூடியில குத்துமதிப்பா ஊத்தாம, இருமல் மருந்துக்குக் குடுக்கிற அளவு கப்புல 15 மில்லி அளந்து ஊத்துங்க. அளவு சரியா இருந்தும் கோடு நின்னா துணியைப் பாருங்க. சொட்டச் சொட்ட வெச்சிருந்தா காய்ஞ்ச துணி சீக்கிரம் நனைஞ்சிடும், அதுக்கப்புறம் அது ஈரத்தைப் பூசத்தான் செய்யும். மைவிக்கு ஒத்தி எடுக்க ரெண்டு காய்ஞ்ச துணி வேணும். கண்ணாடிக்கு மூணாவதா மெல்லிசு துணி ஒண்ணு, பாடி துடைச்ச துணி கண்ணாடிக்குப் போகக் கூடாது.

துணி துவைக்கிறது யாரும் சொல்லல. மெஷின்ல திரவ சோப்பு, மைக்ரோஃபைபர் மட்டும் தனியா. பருத்தித் துண்டோட போட்டா பஞ்சு ஒட்டிக்கும். துணி மென்மையாக்குற வாசனைத் தண்ணி கூடவே கூடாது, இழை மேல படலம் கட்டி துணி ஈரம் குடிக்காது. மெஷினுக்கு முன்னால செம்மண் துணியை ஒரு பேசின்ல ஊறவெச்சு அடியில மணல் தங்குதான்னு பாருங்க, தங்கினா இன்னொரு தடவை. துடைக்கும்போது தரையில விழுந்த துணியை உதறிட்டுத் திரும்ப எடுக்காதீங்க, அது இனிமே ரிம்முக்கு.

பாலிஷ்_பட்டறை

அக்கா சொன்னதோட, பம்பர் புள்ளிக்கு. செம்பனை எண்ணெய் மில்லுல இருந்து வர்ற டேங்கர்லயோ பழக்குலை லோரியிலயோ தெறிக்கிறது எண்ணெய், ரின்ஸ்லெஸ் அதைத் தொடாது. பல வேலைக்கான கிளீனரை 10-க்கு 1 தண்ணியில கலந்து துணியில அடிச்சு அந்த இடத்தை மட்டும் துடைச்சு, உடனே ரின்ஸ்லெஸ் துணியால ரெண்டு தடவை எடுங்க. கறுப்புப் புள்ளி ரோட்டுத் தார். தார் நீக்கியைத் துணி நுனியில தொட்டு, புள்ளி மேல 30 விநாடி வெச்சுட்டு இழுங்க, தேய்க்காதீங்க. கராஜ்காரர் திட்டுவாரு, இருந்தாலும் சொல்றேன்: தார் நீக்கி கிடைக்காத நாள்ல அந்தப் புள்ளிக்கு மட்டும் துளி மண்ணெண்ணெய் ஆகும். பெயிண்ட் இல்லாத பிளாஸ்டிக், ரப்பர் பக்கம் போகாம, முடிச்சதும் அதே கிளீனரால எடுத்துடணும். புள்ளி எடுத்த இடத்துல மெழுகு போயிருக்கும், திரும்பப் பூசிடுங்க.

பறவை எச்சத்தை வார இறுதி வரைக்கும் விடாதீங்க. அதுல யூரிக் அமிலம் இருக்கு. மத்தியான வெயில்ல பெயிண்ட் விரிஞ்சு, சாயந்திரம் சுருங்கும்போது பதிஞ்சு போயிடும். டிஷ்யூவை ரின்ஸ்லெஸ் தண்ணியில நனைச்சு மேல போட்டு பத்து நிமிஷம் விட்டா மொத்தமா கூட வந்துடும். சின்ன ஸ்பிரே பாட்டில்ல அதே கலவையைக் காடிக்குள்ள வெச்சுக்கிட்டா வேலை சுலபம்.

லோரி_கராஜ்

மண்ணெண்ணெய் விஷயத்துல விட்டுக் குடுக்கிறேன், ஒரு துளிக்குத்தான்.

மேல பளபளன்னு ஆக்கிட்டு அடியை மறந்துடாதீங்க தம்பி. தோட்டத்து மண்ணுல வெறும் மண்ணு மட்டும் இல்ல, உரமும் இருக்கு. செம்பனைக்குப் போடுற எம்ஓபி உரம்னா பொட்டாசியம் குளோரைடு, அது உப்பு. ஈரச் சேறோட கலந்து சில் மடிப்புலயும் சக்கரக் குழிவு ஓரத்துலயும் ஒட்டினா, இரும்பை மெதுவா தின்னும். ரின்ஸ்லெஸ் அங்க எட்டாது. துணியும் எட்டாது. உரம் போடுற மாசத்துல ஒரு தடவையாவது ஜாக்கியில ஏத்தி அடியில தண்ணி அடிக்கிற கடைக்குக் கொண்டு போங்க. மத்த நாளெல்லாம் வாளி போதும்.

கதவைத் திறந்து அடி விளிம்பைக் கையால தடவிப் பாருங்க, தண்ணி வெளியேற நீளவாக்குல சின்னத் துளை இருக்கும். செம்மண் களி அதை அடைச்சா மழைத் தண்ணி கதவுக்குள்ள நிக்கும். ஓட்டும்போது கதவுக்குள்ள சலசலன்னு கேட்டா அதுதான். கேபிள் டை நுனியை உள்ள விட்டு மெதுவா கிளறுங்க, கம்பி, ஸ்க்ரூடிரைவர் வேணாம், பெயிண்ட் போயிடும். கதவுக்குக் கீழ சில்லுல வட்டமா ரப்பர் மூடி போட்ட துளையும் இருக்கும், அதைக் கழட்டாதீங்க, அது தண்ணி போறதுக்கு இல்ல.