ஜெர்மனிக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: ஊர் பி.எஃப், இங்குள்ள பென்ஷன், குழந்தையின் பாஸ்போர்ட்

வந்து இறங்கியதும் வீடு, அன்மெல்டுங் (முகவரிப் பதிவு), பேங்க் அக்கவுண்ட், மருத்துவக் காப்பீடு என்றுதான் எல்லாரும் கேட்கிறீர்கள். அதற்கெல்லாம் ஏற்கெனவே பலர் நன்றாக எழுதியிருக்கிறார்கள். வீட்டுக்குள் குடிபோன இரண்டு வாரத்துக்குள் அன்மெல்டுங்கை முடித்துவிடுங்கள், அது போதும். நான் எழுத வந்தது இந்தியா, ஜெர்மனி இரண்டு அரசுகளும் போட்டுக்கொண்ட ஒப்பந்தங்கள் பற்றி. அவை நம் சம்பளத்தையும் குழந்தையையும் நேராகத் தொடுகின்றன.

2022 டிசம்பரில் டெல்லியில் கையெழுத்தான குடிபெயர்வு ஒப்பந்தம் எல்லாருக்கும் தெரியும். இந்தியர்களுக்கான திறன் பணியாளர் விசாவை ஆண்டுக்கு 20,000-லிருந்து 90,000 ஆக உயர்த்துவதாக 2024 அக்டோபரில் அறிவித்ததும் தெரியும். ஆனால் 2017 மே 1 முதல் நடைமுறையில் இருக்கும் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தத்தைப் பற்றி எச்.ஆர்.கூட பெரும்பாலும் சொல்வதில்லை.

உங்கள் சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். ஆர்வி (RV, பென்ஷன் காப்பீடு) என்று ஒரு வரி இருக்கும். மொத்தச் சம்பளத்தில் 9.3 சதவீதம் அரசு பென்ஷனுக்குப் போகிறது, கம்பெனியும் அதே அளவு கட்டுகிறது. பென்ஷன் கிடைக்கக் குறைந்தது 60 மாதம் கட்டியிருக்க வேண்டும். அப்படியென்றால் மூன்று வருடத்தில் ஊர் திரும்பினால் பணம் போச்சா? இல்லை. அந்த ஒப்பந்தப்படி, இந்தியாவில் பென்ஷன் திட்டத்தில் இருந்த மாதங்களையும் சேர்த்து 60 ஆகிறதா என்று பார்ப்பார்கள். ஊரில் மூன்று, இங்கே மூன்று என்றால் தகுதி வந்துவிடும். ஜெர்மனி தரும் தொகை இங்கே கட்டிய மூன்று வருடத்துக்கு மட்டும்தான், ஆனால் அதை மதுரையில் உட்கார்ந்தபடியே முழுதாக வாங்கலாம்.

அதனால்தான் கிளம்பும் அவசரத்தில் ஃபார்ம் 10சி போட்டு ஊர்ப் பென்ஷன் பணத்தை எடுக்காதீர்கள் என்று கெஞ்சுகிறேன். எடுத்துவிட்டால் அந்த சேவைக்காலமும் அதோடு போய்விடும். அதே ஃபார்மில் பணத்துக்குப் பதிலாக ஸ்கீம் சர்டிபிகேட் (சேவைக்காலத்தைக் காட்டும் சான்றிதழ்) கேட்கலாம், அதை வாங்கிப் பத்திரமாக வையுங்கள். இங்கே வேலை விடும்போதும் அதே கதைதான். 60 மாதத்துக்குக் குறைவாகக் கட்டியவர்கள் ஐரோப்பாவை விட்டுப் போய் 24 மாதம் கழித்துப் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். வருவது நம் பங்கு மட்டும், கம்பெனி கட்டியது வராது, வாங்கிய பின் எந்த உரிமையும் மிஞ்சாது. ஊர்க் கணக்கையும் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

ப்ளூ கார்டில் (உயர்கல்வி முடித்த பணியாளர்களுக்கான அனுமதி) வந்தவர்களுக்கு நிரந்தரக் குடியிருப்பு அனுமதி 27 மாதத்தில், பி1 (இடைநிலை) ஜெர்மன் இருந்தால் 21 மாதத்தில். அதற்கும் இந்த பென்ஷன் மாதங்கள்தான் கணக்கு. வேலைக்கு நடுவிலும் பி1 வகுப்பை விடாதீர்கள்.

அடுத்தது குழந்தை. இங்கே பிறந்தால் ஒரு வருடத்துக்குள் இந்தியத் தூதரகத்தில் பதிந்தாக வேண்டும். ஒரு வருடம் தாண்டினால் டெல்லியின் தனி அனுமதி தேவைப்படும். இங்குள்ள குடியிருப்பு அனுமதிக்கு ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். இதற்கெல்லாம் முன்னால் பிறப்புச் சான்றிதழே ஒரு மலை. இந்தியா 2005-ல் அப்போஸ்டில் (ஒரு நாட்டு ஆவணத்தை மற்ற நாடு ஏற்பதற்கான முத்திரை) உடன்படிக்கையில் சேர்ந்தபோது ஜெர்மனி ஆட்சேபம் தெரிவித்தது, அது இன்றும் நிற்கிறது. ஆகவே பிறப்புச் சான்றிதழுக்காக நீங்கள் காட்டும், டெல்லியில் அப்போஸ்டில் குத்தி வாங்கிய திருமணச் சான்றிதழ் இங்கே தானாகச் செல்லாது. இங்குள்ள பிறப்புப் பதிவு அலுவலகம் சந்தேகப்பட்டால் ஜெர்மன் தூதரகம் வழியாக ஊரில் விசாரித்துச் சரிபார்ப்பார்கள், மாதக்கணக்கில் இழுக்கும். பாஸ்போர்ட்டில் ஒரே பெயர், குடும்பப் பெயர் காலியாக இருக்கும் நம்மவர்களுக்குக் கேள்விகள் இன்னும் கூடும். கர்ப்பம் உறுதியானதுமே பதிவு அலுவலகத்தில் என்னென்ன காகிதம் வேண்டும் என்று எழுதிக் கேட்டுவிடுங்கள், பிரசவம் வரை காத்திருக்க வேண்டாம்.

குடியுரிமை பற்றி இப்போதே யோசிப்பவர்களுக்கு: 2024 ஜூன் 27 முதல் ஜெர்மனி இரட்டைக் குடியுரிமையை ஏற்கிறது. இந்தியா ஏற்பதில்லை. ஜெர்மன் பாஸ்போர்ட் வாங்கினால் இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்துவிட்டு ஓ.சி.ஐ. (வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) எடுக்க வேண்டும்.

கம்பெனி அனுப்பி வந்தவர் இங்கேயும் பென்ஷன் கட்ட வேண்டுமா என்று கேட்ட தம்பிக்கு: கம்பெனி உங்களைத் தற்காலிகமாக அனுப்பியிருந்து, சம்பளம் இந்தியாவிலேயே வருகிறது என்றால், பி.எஃப் அலுவலகத்தின் கவரேஜ் சான்றிதழ் (இந்தியாவிலேயே கட்டுகிறீர்கள் என்பதற்கான அத்தாட்சி) இருக்கிறதா என்று கேளுங்கள். அது இருந்தால் 48 மாதம் வரை இங்கே பென்ஷன் கட்டத் தேவையில்லை. இல்லையென்றால் இரண்டு பக்கமும் கட்டிக்கொண்டிருப்பீர்கள்.

இலங்கையில் கட்டிய பணம் இங்கே சேருமா என்று கேட்ட, யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருக்கும் அக்காவுக்கு: ஜெர்மனிக்கும் இலங்கைக்கும் இடையே இப்படி ஓர் ஒப்பந்தம் இல்லை, அங்கே கட்டிய ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) இங்கே சேராது. ஹாம் நகரத்தில் காமாட்சி அம்மன் கோயிலைக் கட்டியெழுப்பிய உங்கள் ஊர்க்காரர்கள் பல ஆண்டுகளாக இங்கே வேலை பார்த்தவர்கள். உங்கள் நிலைமைக்கு என்னைவிட அவர்களிடம் கேட்பதுதான் சரி.