கறுப்பு காரில் சிலந்திவலைக் கீறல்: பாலிஷ் போட்ட அனுபவங்கள்

சென்னை, வேளச்சேரியிலிருந்து

என்னுடையது கறுப்பு கார், வாங்கி 4 வருடம் ஆகிறது. நிழலில் நின்றால் கண்ணாடி போல இருக்கும். வெயிலில் நிறுத்தினால் பானட் முழுக்கச் சிலந்தி வலை. கீறல்கள் எல்லாத் திசையிலும்தான் இருக்கின்றன. வெளிச்சத்துக்குக் குறுக்காகக் கிடப்பவை மட்டும் மின்னுவதால் சூரியனைச் சுற்றி வட்டம் போட்டது போலத் தெரிகிறது.

காரணம் தேடி வெளியே போகவே வேண்டாம். எங்கள் அடுக்குமாடியில் தினமும் காலையில் கார் துடைக்க ஒருவர் வருகிறார். ஒரே வாளித் தண்ணீர், ஒரே துணி, பத்துப் பன்னிரண்டு கார்கள். முதல் காரின் மணல் கடைசிக் கார் வரைக்கும் போகும். அவரைக் குறை சொல்ல மாட்டேன், நாங்கள் யாரும் வேறு துணி வாங்கிக் கொடுத்ததில்லை.

முதலில் ஒரு கடையில் 'ரப்பிங் பாலிஷ்' போட்டேன். காரைக் கடையிலிருந்து எடுத்து வந்த அன்று அவ்வளவு அழகு. மூன்று முறை கழுவியதும் பழைய கீறல் திரும்பி வந்தது, கூடவே மிஷின் ஓடிய தடம் நிழல் நிழலாகத் தெரிந்தது. கீறலை எடுக்கவில்லை, எண்ணெய்ப் பசையால் நிரப்பி மறைத்திருக்கிறார்கள். மிகவும் வருத்தமாகிவிட்டது. அப்புறம்தான் நானே கற்றுக்கொண்டு செய்வது என்று முடிவு செய்தேன்.

வாங்கியது ஒரு டிஏ (டூயல் ஆக்‌ஷன்) பாலிஷர். பேட் சுழன்றுகொண்டே ஆடவும் செய்யும், அதனால் ஒரே இடத்தில் அவ்வளவாகச் சூடு ஏறாது. ஆடாமல் சுழல மட்டும் செய்யும் ரோட்டரி பாலிஷர் வேகமாக வெட்டும், ஆனால் கை பழகாதவர் விளிம்பில் ஒரு நொடி அதிகம் வைத்தாலே பெயின்ட் போய்விடும்.

ஷாம்பு போட்டுக் கழுவி, கையில் மெல்லிய பிளாஸ்டிக் கவரைப் போட்டுப் பானட்டைத் தடவினேன். நறநறவென்றது. வழவழப்பாகும் வரை, ஒட்டிய துகளை எடுக்கும் களிமண் போன்ற க்ளே பாரைத் தேய்த்தேன். இதைச் செய்யாமல் பாலிஷ் போட்டால் அந்தத் துகளே புதுக் கீறல் போடும். ரப்பர், கறுப்பு பிளாஸ்டிக், பாடி விளிம்புகள் எல்லாவற்றிலும் மாஸ்கிங் டேப்.

ஒரு மூலையில் இரண்டடிக்கு இரண்டடி மட்டும் சோதனை. மென்மையான ஃபோம் பேடில் ஃபினிஷிங் பாலிஷ் போட்டுப் பார்த்தேன், பாதிதான் போனது. பேடை ஒரு படி கடினமாக மாற்றி, மெதுவாகக் குறுக்கும் நெடுக்குமாக நான்கு முறை ஓட்டினேன். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கலந்த தண்ணீரால் எண்ணெயைத் துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தால், வலை இல்லை! நிஜமாகவே கண் கலங்கியது. ஆல்கஹாலால் துடைத்த பிறகும் கீறல் தெரியவில்லை என்றால்தான் அது உண்மையில் போயிருக்கிறது. முழுக் காருக்கும் இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆனது, அதுவும் பார்க்கிங் நிழலில்தான். வெயிலில் சுட்ட தகட்டில் பாலிஷ் நொடியில் காய்ந்து ஒட்டிக்கொள்ளும். கடைசியில் பெயின்டைக் காக்கும் சீலன்ட் பூசினேன்.

கோவையிலிருந்து

பெயின்ட் வேலைதான் என் தொழில். நண்பர் நன்றாகவே செய்திருக்கிறார், ஆனால் இதைப் படித்துவிட்டு மாதாமாதம் பாலிஷ் போட யாரும் கிளம்ப வேண்டாம். பாலிஷ் கீறலை அடைப்பதில்லை. நிறத்துக்கு மேலே பூசிய நிறமற்ற பூச்சுதான் கிளியர் கோட். கீறலைச் சுற்றியுள்ள அந்தப் பூச்சைக் கீறலின் அடிமட்டத்துக்கு இறக்குகிறது பாலிஷ். கம்பெனி பெயின்ட் மொத்தமே பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான், அதில் கிளியர் கோட் சுமார் 40, 50. தலைமுடியின் தடிமன்கூட இல்லை. அதைத் தேய்த்துத் தீர்த்துவிட்டால் நம் ஊர் வெயிலுக்குக் கூரை உரிய ஆரம்பிக்கும், அதற்கு ரீ-பெயின்ட்தான் வழி.

கீறலின் குறுக்கே நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் மாட்டினால் அதை முழுதாக எடுக்கப் பார்க்காதீர்கள், ஓரத்தை மழுக்கினால் கண்ணுக்குக் குறைவாகத் தெரியும், அது போதும். என்னிடம் வருபவர்களிடமும் இதையேதான் சொல்கிறேன், வேலை கைவிட்டுப் போனாலும் சரி.

மதுரையிலிருந்து

அப்பாவின் பழைய சிவப்பு மாருதி 800-ஐ நானும் தம்பியும் கையாலேயே பாலிஷ் போட்டோம். ஐந்து நிமிடத்தில் துணி முழுக்கச் சிவப்பு. பெயின்டே உரிந்துவிட்டது என்று தம்பி பயந்து நிறுத்திவிட்டான். தெரிந்த பெயின்டரிடம் கேட்டபோதுதான் புரிந்தது, அதில் கிளியர் கோட்டே கிடையாது. தேய்த்தால் நிறம் துணியில் வரத்தான் செய்யும். வெளுத்துச் சுண்ணாம்பாகிப்போன மேல்தோல் போய், உள்ளே நல்ல சிவப்பு இருந்தது. அப்பா கதவைத் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, சாவியை எடுத்துக்கொண்டு ஒரு சுற்றுப் போய்வந்தார்.

மீண்டும் வேளச்சேரி

கோவை அண்ணா சொன்னது நூற்றுக்கு நூறு சரி. என் இடது பின்கதவில் நகம் மாட்டும் கீறல் ஒன்று இருக்கிறது, அதைத் தொடவில்லை.

இப்போது எங்கள் மாடியில் மூன்று வீட்டுக்காரர்கள் சேர்ந்து இரண்டு வாளியும் பத்து மைக்ரோஃபைபர் துணியும் வாங்கிக் கொடுத்திருக்கிறோம். ஒரு வாளியில் ஷாம்பு, இன்னொன்று துணியை அலசுவதற்கு. காய்ந்த தூசியின் மேல் துணி படவே கூடாது, முதலில் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று கார் துடைக்கும் அண்ணனிடம் சொன்னேன். தினமும் துடைப்பது வாரம் இருமுறை கழுவுவதாக மாறியது, மாதச் சம்பளத்தைக் குறைக்கவில்லை. போர்வெல் தண்ணீர் காய்ந்து உப்புப் புள்ளி விழுவது மட்டும் இன்னும் சிக்கல். அதற்கு யாராவது வழி கண்டிருந்தால் எழுதுங்கள்.