யூத வெறுப்பு வட்டியால் வந்ததா?

கரிசல்காரன்:
நேற்று ஒரு யூடியூப் பேச்சாளர் நாற்பது நிமிடம் முழங்கியிருக்கிறார். ஐரோப்பாவில் யூதர்கள் கந்துவட்டி விட்டார்களாம், பொறுக்க முடியாமல் மக்கள் அடித்து விரட்டினார்களாம், இதில் மதத்துக்கு வேலையே இல்லையாம். கீழே அத்தனை பேர் கைதட்டல். எரிச்சலாக இருக்கிறது. 1096-இல் முதல் சிலுவைப் போருக்குக் கிளம்பிய கும்பல்கள் ஜெர்மனியின் ரைன் நதிக்கரையில் ஸ்பையர், வோர்ம்ஸ், மைன்ஸ் என்று வரிசையாக யூதர்களைக் கொன்றன. அந்த ஊர்களின் யூதர்கள் பெரும்பாலும் வியாபாரிகள். 1084-இல் ஸ்பையர் ஆயரே ஊர் வளரட்டும் என்று அவர்களை வரவழைத்து, சுற்றி மதில் எழுப்பிக் குடிவைத்தார். வந்த கும்பல் கடன் கணக்கைக் கேட்கவில்லை. ஞானஸ்நானம் வாங்கு, இல்லையேல் சாவு என்றது. வட்டிக்காரன் மேல் கோபப்பட்டு வந்தவன் எதற்காக ஞானஸ்நானம் கேட்கிறான்?

வைகைக்கரை:
வழக்கம்போல பாதி வரலாறு. இங்கிலாந்தின் யார்க் நகரத்தை ஏன் விட்டுவிட்டீர்கள்? 1190 மார்ச். கோட்டைக் கோபுரத்தில் தஞ்சம் புகுந்த சுமார் 150 யூதர்கள் செத்தார்கள். அது முடிந்த கையோடு கும்பல் எங்கே போனது? நேராகப் பேராலயத்துக்கு. அங்கே பத்திரப்படுத்தியிருந்த கடன் பத்திரங்களை வாங்கி அங்கேயே எரித்தது. முன்னால் நின்ற ரிச்சர்ட் மால்பிஸ் ஒரு கடனாளி. மதவெறியனுக்குக் கடன் பத்திரம் எதற்கு? இதற்குப் பதில் சொல்லுங்கள்.

கரிசல்காரன்:
மால்பிஸ் கடனாளி என்பதை நான் எங்கே மறுத்தேன்? கடன் அன்றைக்கா முளைத்தது? லிங்கன் நகரத்து யூத வட்டிக்காரர் ஆரோன் 1186-இல் இறந்தபோது சுமார் 430 பேர் அவருக்கு ஏறத்தாழ 15,000 பவுண்டு பாக்கி வைத்திருந்தார்கள். மடாலயங்கள்கூட அவரிடம் வாங்கியிருந்தன. அந்தப் பாக்கியை ராஜா தன் பேரில் எழுதிக்கொண்டு, வசூலிக்கத் தனி அலுவலகமே போட்டார். வட்டிதான் கோபம் என்றால் அது ராஜா மேல் அல்லவா திரும்பியிருக்க வேண்டும்?

தேதியைப் பாருங்கள். 1189 செப்டம்பரில் முதலாம் ரிச்சர்ட் முடிசூடிய அன்று லண்டனில் யூதர்களை வெட்டத் தொடங்கினார்கள். நாடே சிலுவைப் போருக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. அப்புறம் லின், நார்விச், ஸ்டாம்ஃபோர்ட், கடைசியில் யார்க். கடன் பல வருடமாக இருந்தது. கொலை சிலுவையோடு வந்தது.

வைகைக்கரை:
நான் கேட்டது பத்திரம். நீங்கள் காலண்டரைக் காட்டுகிறீர்கள். சரி, உங்கள் ஞானஸ்நானத்துக்கே வருகிறேன். யார்க் கோபுரத்தில் பலர் தங்கள் கையாலேயே உயிரை விட்டார்கள். மிஞ்சியவர்கள் மதம் மாறுகிறோம் என்று சொல்லி இறங்கி வந்தார்கள். அவர்களையும் வெட்டிப் போட்டார்கள். ஞானஸ்நானம்தான் நோக்கம் என்றால் ஏன் வெட்ட வேண்டும்? கடன் கொடுத்தவன் உயிரோடு இருக்கக் கூடாது, பத்திரமும் இருக்கக் கூடாது. அவ்வளவுதான். 1194-இல் அரசாங்கம் கடன் பத்திரங்களுக்கெல்லாம் நகல் எடுத்து, முக்கிய நகரங்களில் பெட்டியில் பூட்டி வைக்க ஏற்பாடு செய்தது. யார்க்கில் என்ன நடந்தது என்று அரசாங்கத்துக்குப் புரிந்திருக்கிறது. உங்களுக்கு மட்டும் புரியாது.

நாஞ்சிலான்:
இரண்டு பேரும் யார்க்கைக் கட்டிக்கொண்டு அழுங்கள். எனக்கு உறுத்துவது வேறு. கரிசல்காரன் இந்தத் தளத்தில் எந்த விவாதத் திரியைத் திறந்தாலும் கடைசியில் திருச்சபை தலையில்தான் கல் போடுவார். போன மாதம் வேறொரு திரியிலும் இதையே செய்தார். கி.பி. 38-இல் அலெக்சாந்திரியாவில் யூதர்களை வீடு வீடாக இழுத்துப் போட்டு அடித்தார்களே, அது எந்தத் திருச்சபை? யூதர்கள் வருடத்துக்கு ஒரு கிரேக்கனைப் பிடித்துக் கொழுக்க வைத்துக் கோவிலில் பலியிடுகிறார்கள் என்று கதை பரப்பிய அப்பியோன் கிறிஸ்தவனா? யூத வரலாற்றாசிரியர் ஜொசிஃபஸ் அதை மறுத்தே ஒரு நூல் எழுத வேண்டியிருந்தது. 1096-இல் ஸ்பையரில் யூதர்களைக் காப்பாற்றியது யார்? ஓர் ஆயர். 1348-இல் கொள்ளைநோய்க்கு யூதர்கள் காரணமில்லை, அவர்களும்தான் சாகிறார்கள் என்று ஆணை விட்டது யார்? திருத்தந்தை ஆறாம் கிளமெண்ட்.

கரிசல்காரன்:
கிளமெண்ட் சொன்னதை யார் கேட்டார்கள்? ஆயர் காப்பாற்றினார் என்கிறீர்கள், யாரிடமிருந்து? தோளில் சிலுவை தைத்துக்கொண்டு வந்தவர்களிடமிருந்து. 386, 387-இல் அந்தியோக்கியாவில் யோவான் கிறிசோஸ்தோம் என்ற கிறிஸ்தவக் குரு யூதர்களுக்கு எதிராக நிகழ்த்திய பிரசங்கங்கள் இன்றும் அச்சில் கிடைக்கின்றன. படித்துவிட்டு வாருங்கள். கிறிஸ்துவைக் கொன்ற இனம் என்ற பழியை நூற்றாண்டு நூற்றாண்டாகப் பிரசங்க மேடையில் சொன்னார்கள். 1215-இல் திருச்சபையின் லாத்தரன் சங்கம் யூதர்கள் உடையால் வேறுபட்டுத் தெரிய வேண்டும் என்று சட்டம் போட்டது. இன்றைய யூதர்கள் மேல் அந்தப் பழியைச் சுமத்தக் கூடாது என்று வத்திக்கான் சங்கம் அறிவித்தது 1965-இல். நாஜிகளால் அறுபது லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டு இருபது வருடம் கழித்து. அப்பியோன் எழுதியது ஒரு புத்தகம். பிரசங்கம் ஒவ்வொரு ஊரிலும் நடந்தது.

வைகைக்கரைக்கு: 1144-இல் நார்விச்சில் வில்லியம் என்ற பன்னிரண்டு வயதுப் பையன் செத்துக் கிடந்தான். சிலுவையில் இயேசுவை அறைந்த மாதிரி யூதர்கள் அவனைக் கொன்றார்கள் என்று ஒரு துறவி எழுதி வைத்தார். அந்தக் கதை ஐரோப்பா முழுக்கப் பரவியது. இத்தாலியிலிருந்து வந்த லொம்பார்டியர்களும் வட்டிக்கு விட்டார்கள், அவர்களையும் ஜனங்கள் திட்டினார்கள், சில இடங்களில் விரட்டினார்கள். லொம்பார்டியன் குழந்தையைக் கொன்று ரத்தம் எடுக்கிறான் என்று யாராவது சொன்னார்களா?

வைகைக்கரை:
அதே நார்விச் கதையில், யூதரிடம் கடன்பட்ட ஒரு பிரபுவின் ஆட்கள் அந்த யூதரைக் கொன்றார்கள். வழக்கு வந்தபோது பையன் கொலைப் பழியைக் கிளப்பித்தான் பிரபுவுக்கு வாதாடினார்கள். பாருங்கள், அங்கேயும் கடன்! பத்திரத்துக்குப் பதில் எங்கே?

கரிசல்காரன்:
பத்திரம், பத்திரம், பத்திரம். 1275-இல் முதலாம் எட்வர்ட் யூதர்கள் வட்டி வாங்குவதையே தடை செய்தான். கம்பளி வியாபாரம், தானிய வியாபாரம் என்று மாறப் பார்த்தார்கள். உங்கள் கணக்குப்படி வெறுப்பு குறைந்திருக்க வேண்டும். காசின் ஓரத்தை வெட்டி வெள்ளியைச் சுரண்டினார்கள் என்று குற்றம் சாட்டி நூற்றுக்கணக்கானவர்களைத் தூக்கில் போட்டார்கள். 1290-இல் மொத்தமாக நாடு கடத்தினார்கள். அதற்கு நூறு வருடம் கழித்து, ஒரு யூதர்கூட வெளிப்படையாக வாழாத இங்கிலாந்தில், ஆங்கிலக் கவிஞர் சாசர் குழந்தையைக் கொல்லும் யூதர்களை வைத்துக் கதை எழுதுகிறார். எந்த யூதர் அவருக்கு வட்டிக்குக் கொடுத்தார்?

வைகைக்கரை:
அந்தக் கதையின் தொடக்கத்தைப் படித்தீர்களா? இழிவான வட்டிக்காகத்தான் அந்த ஊர்ப் பிரபு யூதர்களை வைத்திருந்தான் என்று சாசரே எழுதுகிறார். உங்கள் சாட்சி என் பக்கம் பேசுகிறது.

பாலைத்திணை:
ஐரோப்பாவையே சுற்றுகிறீர்கள். சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் யூதத் தலைவர் யோசேப்பு ரப்பானுக்கு 72 உரிமைகள் கொடுத்து ஆயிரம் வருடம் முன்பே செப்பேடு போட்டான். அந்தச் செப்பேடு தமிழ். இங்கே யாரும் யூதரை வெறுக்கவில்லை.

நாஞ்சிலான்:
யாருமே இல்லையா? 1524-இல் மிளகு வியாபாரப் போட்டியில் கொடுங்கல்லூர் யூதர்களைத் தாக்கி வீடுகளை எரித்தார்கள். அவர்கள் கொச்சி ராஜாவிடம் ஓடினார்கள். அப்புறம், அது தமிழ்ச் செப்பேடு என்று நீர் எப்படிச் சொல்லலாம்? எழுத்து வட்டெழுத்து. மொழி பழைய மலையாளம் என்கிறார்கள்.

பாலைத்திணை:
யார் என்கிறார்கள்? சேரன் தமிழனா இல்லையா? கி.பி. 1000-இல் மலையாளம் எங்கே இருந்தது?

கரிசல்காரன்:
செப்பேட்டுக்குத் தனித்திரி போடுங்கள். ஆனால் கொச்சி என் வாதத்துக்குத்தான் வலு. போர்த்துகீசியர் வந்தார்கள், 1560-இல் கோவாவில் மத விசாரணை மன்றம் வைத்தார்கள், 1662-இல் கொச்சி யூதர்களின் தொழுகைக் கூடத்தைக் கொளுத்தினார்கள். எந்த வட்டிக்கு?

நாஞ்சிலான்:
யூதர்கள் டச்சுக்காரனுக்கு உதவினார்கள் என்று போர்த்துகீசியர் கொளுத்தினார்கள். அது போர். அதையும் பிரசங்கத்தில் சேர்த்துவிடுவீர்களே!

வைகைக்கரை:
கொச்சிக்குப் படகேறினாலும் விட மாட்டேன். 1349 பிப்ரவரி, ஸ்ட்ராஸ்பர்க். நூற்றுக்கணக்கான யூதர்களை எரித்தார்கள். மறுபடியும் கடன்கள் ரத்து, சொத்து பங்கீடு. யார்க்கில் பத்திரம், ஸ்ட்ராஸ்பர்க்கிலும் பத்திரம்.

கரிசல்காரன்:
அப்போது கொள்ளைநோய் ஸ்ட்ராஸ்பர்க்குக்கு வந்திருக்கவே இல்லை. கிணற்றில் விஷம் போட்டார்கள் என்ற புரளி மட்டும் வந்திருந்தது. சித்திரவதை செய்து வாங்கிய வாக்குமூலம் ஊர் ஊராகப் போனது. பக்கத்து வீட்டுக்காரன் நம் குடிநீரில் விஷம் கலப்பான் என்று ஒரு ஊரே நம்ப வேண்டுமென்றால், அவன் சைத்தானின் ஆள் என்று பல தலைமுறை காதில் ஓதியிருக்க வேண்டும். அதை ஓதியது வட்டிக் கணக்கா?

வைகைக்கரை:
நம்பினவன் ஆயிரம் நம்பட்டும். சொத்து யார் கைக்குப் போனது என்று சொல்லுங்கள். இன்னும் சொல்லவில்லை.