ஓடுகிற வான் வண்டிக்கு எந்தச் செய்மதி அன்ரெனா? டிஷ்ஷா, தட்டைப் பலகையா?

நாவற்குழியான்
எங்களிடம் ஒரு நடமாடும் கண் சிகிச்சை வான் இருக்கிறது. பூநகரி, முழங்காவில் பக்கம் கிழமைக்கு இரண்டு நாள் போகிறோம். விழித்திரைப் படம் எடுத்து யாழ்ப்பாணத்தில் இருக்கும் டொக்டருக்கு அனுப்ப வேண்டும், ஆனால் போன் சிக்னல் இடைக்கிடை அறுந்துவிடுகிறது. கூரையில் செய்மதி அன்ரெனா பூட்டுவது என்று முடிவெடுத்தாயிற்று. ஓடும்போதும் அது வேலை செய்ய வேண்டும், ஏனென்றால் அடுத்த ஊருக்குப் போகிற முக்கால் மணித்தியாலத்தில்தான் படங்கள் போய்ச் சேர நேரம் கிடைக்கிறது. ஒருவர் குவிமாடத்துக்குள் சுழலும் டிஷ் என்கிறார், இன்னொருவர் தட்டைப் பலகை என்கிறார். எதை நம்புவது?

பண்ணைக்கடல்
டிஷ்தான். நான் கனகாலமாக டிஷ் பூட்டுகிறவன், அனுபவத்தில் சொல்கிறேன். டிஷ் தன் மேல் விழுகிற அலையில் பெரும்பங்கைக் குவித்துக் கொடுத்துவிடும். தட்டைப் பலகையில் நூற்றுக்கணக்கான சின்ன அன்ரெனாத் துண்டுகள், மூலகங்கள் என்பார்கள், அவற்றுக்குப் பின்னால் மின்சுற்று, அதற்குள்ளேயே கனக்கச் சூடாகப் போய்விடுகிறது. கப்பல்களில் வெள்ளைக் குவிமாடம் பார்த்திருப்பீர்கள், உள்ளே மோட்டர் டிஷ்தான். கடல் ஆட்டத்தையே தாங்குகிறது, பூநகரி றோட்டைத் தாங்காதா?

கலட்டி_அலை
அண்ணை, கப்பல் கதை சரி, ஆனால் எங்கள் வானத்தை ஒருக்கால் அண்ணாந்து பாருங்கள். லண்டனில் நின்றால் புவிநிலைச் செய்மதி (பூமியோடு சேர்ந்தே சுற்றுவதால் வானில் ஒரே இடத்தில் நிற்பதுபோலத் தெரிவது) எதுவும் அதிகம் போனால் 31 பாகை உயரத்தில்தான் தெரியும். யாழ்ப்பாணம் இருப்பது வடக்கு 9.7 பாகையில். கிழக்கு நெட்டாங்கு 83 பாகையில் நிற்கிற இந்தியச் செய்மதிகள், நீங்கள் வீட்டு டிஷ்களைத் திருப்பிவிடுகிற அதே செய்மதிகள், எங்களுக்கு 78 பாகை உயரத்தில் நிற்கின்றன. உச்சிக்கும் அதற்கும் 12 பாகைதான் இடைவெளி.

மோட்டர் டிஷ்ஷுக்கு அதுதான் வினை. ஒரு அச்சு சுற்றும், மற்றது நிமிரும். தலைக்கு நேர் மேலே வட்டமிடுகிற பருந்தைப் பார்க்கப்போனால் கழுத்து போதாமல் உடம்பே சுழல வேண்டி வருகிறதே, அதே நிலைமை. வான் பக்கவாட்டில் 5 பாகை சரிந்தால் லண்டனில் சுற்றும் அச்சு 3 பாகை திரும்பினால் காணும். இங்கே 22 பாகை திரும்ப வேண்டும், அதுவும் சில்லு பள்ளத்தில் விழுந்து எழும்புகிற அரை விநாடிக்குள்.

பலகைக்கு அந்தக் கவலை இல்லை. ஒவ்வொரு மூலகத்துக்கும் போகிற அலையைக் கொஞ்சம் முன்பின்னாக்கிக் கற்றையைத் திருப்புகிறது, எதுவும் அசைவதில்லை. 60 பாகை சரித்துப் பார்த்தால் பலகையின் பயன்படு பரப்பு பாதியாகிவிடும் என்பது உண்மைதான், லண்டன்காரருக்கு அது அடி. 12 பாகைச் சரிவில் இழப்பது 2 வீதம்.

பண்ணைக்கடல்
தம்பி, உச்சிப் பிரச்சினை எனக்கும் தெரியும். அதற்குத்தான் மூன்றாவது அச்சு வைத்த டிஷ் வருகிறது. விலை கூட, ஓம், ஆனால் வழி இருக்கிறது.

நீங்கள் தொடாத ஒன்றைக் கேட்கிறேன். அலையை வாங்குவது இருக்கட்டும், அனுப்பும்போது என்ன செய்வீர்கள்? 14 கிகாஹேர்ட்ஸில் 60 சென்ரிமீற்றர் டிஷ்ஷின் கற்றை ஏறக்குறைய இரண்டரை பாகை அகலம். 30 சென்ரிமீற்றர் பலகை என்றால் 5 பாகை. பக்கத்தில் நிற்கிற செய்மதிக்கும் உங்கள் அலை போய் இடைஞ்சல் கொடுக்கும். அமெரிக்காவில் 2009இல் வாகன அன்ரெனாவுக்கு விதி போட்டபோது குறி 0.2 பாகைக்குள் நிற்க வேண்டும், அரைப் பாகை விலகினால் 100 மில்லி விநாடிக்குள் அனுப்புவதை நிறுத்த வேண்டும் என்று எழுதியது சும்மா இல்லை. சின்னப் பலகை என்றால் அலையின் வலுவைக் குறைத்துத்தான் அனுப்ப வேண்டும், குறைத்தால் படம் போக நேரம் எடுக்கும். கண் படத்தை வைத்துக்கொண்டு காத்திருக்கிற நோயாளிக்கு அதுதானே முக்கியம்?

குறிகட்டுவான்_துறை
இரண்டு பேரும் 35,786 கிலோமீற்றர் உயரத்துச் செய்மதியையே வைத்து அடிபடுகிறீர்கள். நாவற்குழியான் வாங்கப்போவது அநேகமாக ஸ்டார்லிங்க் என்கிற செய்மதி இணையச் சேவை, 2025 ஜூலையில் இலங்கைக்கு வந்துவிட்டது. அது சுமார் 500 கிலோமீற்றர் உயரத்தில் ஓடுகிற செய்மதிக் கூட்டம்.

அதில் கலட்டி சொன்ன உச்சி வானக் கணக்கு தலைகீழாகிவிடும். தாழ்ந்த செய்மதிகள் புவிநிலைச் செய்மதிகளுக்கு இடைஞ்சல் கொடுக்கக் கூடாது என்பது சர்வதேச விதி. புவிநிலைச் செய்மதிகள் வரிசையாக நிற்கிற வளையம் எங்களுக்கு ஏறக்குறைய தலைக்கு மேலாலேயே கிழக்கு மேற்காகப் போகிறது. அதை ஒட்டித் தெரிகிற தாழ்ந்த செய்மதியைப் பாவிக்காமல், பலகை வடக்கிலோ தெற்கிலோ சரிந்துதான் தேட வேண்டும். அதோடு அவற்றில் பெரும்பகுதி பூமத்திய கோட்டுக்கு 43 முதல் 53 பாகைச் சாய்வில் சுற்றுபவை, அந்த அகலாங்குகளை ஒட்டித்தான் நெருக்கமாக இருக்கும், எங்கள் பக்கம் ஐதாக. பனைவடலிக்குப் பக்கத்தில் வானை நிற்பாட்டினால், மரம் அந்தச் சரிந்த பார்வையை மறைக்கிற வித்தியாசம் தெரியும்.

கலட்டி_அலை
வளையத்தை நான் விட்டுவிட்டேன், நீங்கள் சொல்வது சரி. ஆனாலும் அங்கே பலகையைத் தவிர வேறு என்ன வைப்பது? தாழ்ந்த செய்மதி சில நிமிடங்களில் கடந்துபோய்விடும், உடனே அடுத்ததுக்குத் தாவ வேண்டும். மோட்டர் டிஷ் என்றால் ஒன்று பிடித்திருக்க மற்றது தேட என்று இரண்டு வேண்டும். ஸ்டார்லிங்கின் சின்ன மினிப் பலகை 25 முதல் 40 வற் வரைதான் எடுக்கும், வான் பற்றறியே போதும்.

பண்ணைக்கடல்
தாழ்ந்த செய்மதி என்றால் பலகை, அதில் நான் மறுப்பதற்கில்லை. புவிநிலைச் சேவை எடுத்தால் என் பதில் இன்னும் டிஷ்தான், அதுவும் மூன்று அச்சு.

நாவற்குழியான்
நேற்று போனிலுள்ள சரிவுமானியைப் போட்டு டாஷ்போர்ட்டில் கட்டிவைத்து ஓடினேன். சங்குப்பிட்டிப் பாலத்தில் ஒரு பாகை கூட இல்லை. பூநகரி தாண்டி, எதிரே வந்த ரிப்பருக்கு விலத்தி இடது சில்லைக் கரைக்கு இறக்கியபோது 7 பாகை. வழி முழுக்க வெட்டவெளி, மரம் குறைவு, ஆனால் நாங்கள் வானை நிற்பாட்டுவது பள்ளிக்கூடத்து வேம்புக்குக் கீழே. பலகையை எடுத்து ஒரு மாதம் ஓட்டிப் பார்க்கப்போகிறேன். கூரையில் ஏசிப் பெட்டிக்குப் பின்னால் இடம் இருக்கிறது, அங்கே பூட்டலாமா?

பண்ணைக்கடல்
வேண்டாம். குறிகட்டுவான் சொன்னதை வாசித்தீர்கள்தானே, பலகை சரிந்து பார்க்கும், ஏசிப் பெட்டி அதை மறைக்கும். முன்பக்கம் பூட்டுங்கள், தகரத்தோடு ஒட்டாமல் இரண்டு விரல் இடைவெளி விட்டு, மத்தியான வெயிலில் அடியால் காற்றுப் போகட்டும். உப்புக்காற்றுக்கு ஆணி எல்லாம் துருப்பிடிக்காத உருக்காக இருக்க வேண்டும். வேம்பை விட்டு வானைப் பத்து மீற்றர் தள்ளி நிற்பாட்டிவிட்டு, சனத்துக்கு நிழலுக்குத் தறப்பாள் கட்டுங்கள்.